எலிக்கு நாலு விரல்

பாலக்கரை ரெஜிஸ் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில் பெட்டியை இந்த வருஷம் பரணிலிருந்து இறக்கியபோது, உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. வைக்கோலைக் குழித்து மெத்தையாக்கி, இடையன் பொம்மையின் தலையைப் பாதி தின்று முடித்து, மொத்தம் ஏழு குட்டிகள். இருபத்தாறு வருஷமாகத் திருச்சி முழுக்க எலி, கரப்பான், கரையான் விரட்டிப் பிழைக்கிற மனுஷன் வீட்டில்! அவர் மனைவி ஜெபமாலைக்கு இதைவிட நல்ல கிறிஸ்துமஸ் பரிசு கிடைத்திருக்காது. "ஊருக்கெல்லாம் போயி ஓட்டை அடைக்கிறாரு, நம்ம பரண்ல பிரசவ ஆஸ்பத்திரியே நடக்குது" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். ரெஜிஸும் கூடவே சிரித்தார். அந்த மாசத்தில் அவர் மனம்விட்டுச் சிரித்தது அது ஒன்றுதான்.

மார்கழிதான் அவருக்கு சீசன். மழையில் பொந்தெல்லாம் ஊறிப்போய், கொள்ளிடக் கரையிலும் வாழைத் தோப்பிலும் இருந்த எலிகள் ஈரமில்லாத இடம் தேடி வீடுகளுக்குள் வரும். அதே சமயத்தில் அரையாண்டு லீவுக்கு, கிறிஸ்துமஸுக்கு, ஏகாதசிக்கு என்று சொந்தக்காரர்களும் வருவார்கள். இரண்டு கூட்டமும் ஒரே நாளில் வந்து இறங்கினால் வீட்டுக்காரர்கள் ரெஜிஸுக்குப் போன் அடிப்பார்கள்.

மற்றவர்கள் மருந்து வைப்பார்கள். மருந்து தின்ற எலி சுவருக்குள் போய்ச் செத்து, பொங்கல் வரைக்கும் நாறும். ரெஜிஸ் கொல்வதில்லை, வழியை அடைப்பார். அடைப்பதற்கு முன்னால் படிப்பார். சாயங்காலம் வந்து டீ வடிகட்டியில் கோலமாவைப் போட்டு, வாசற்படி, சமையலறை மூலை, சாக்கடை வாய் என்று மெல்லிசாகச் சலித்துவிட்டுப் போவார். காலையில் வந்து டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால், இரவு நடந்ததெல்லாம் மாவில் இருக்கும். எலிக்கு முன்னங்காலில் நாலு விரல், பின்னங்காலில் ஐந்து, நடுவில் வால் இழுத்த கோடு. வீட்டு மனிதர்களின் காலும் அவருக்கு அத்துப்படி. மெட்டி போட்ட காலென்றால் இரண்டாவது விரலின் அடியில் சின்னதாக ஒரு பள்ளம் விழும்.

அவருக்கு ஒரே ஒரு விதிதான். உள்ளே வந்த கால்களும் வெளியே போன கால்களும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று வந்து, திரும்பிப் போகவில்லை என்றால் அது இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அப்போது அடைக்கக் கூடாது. ஒத்துப்போனால், பாட்டில் கண்ணாடியை உடைத்துத் தூளாக்கி சிமெண்ட்டில் கலந்து பூசிவிடுவார். கண்ணாடி கலந்த சிமெண்ட்டை எந்த எலியும் தோண்டாது. கடைசியில் ஒரு அட்டையில் "வீடு சுத்தம், உள்ளே எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அந்த அட்டையில் அவர் இதுவரை பொய் எழுதியதில்லை.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி ஸ்ரீரங்கத்திலிருந்து அழகிரி கூப்பிட்டார். திருவெறும்பூர்ப் பக்கத்துப் பெரிய தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷம் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, மனைவி ரெங்கநாயகி பெருமாளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதற்காக ஸ்ரீரங்கத்தில் பழைய வீடொன்றை வாங்கினார். ரயில் பெட்டி மாதிரி நீளமாக உள்ளே உள்ளே போகிற வீடு. அந்த அம்மாள் அதில் இரண்டு மார்கழி இருந்தாள். போன மார்கழியில் இறந்துவிட்டாள். அதிலிருந்து அவர் மட்டும்தான்.

"இருபத்தேழாந்தேதி என் பொண்ணு அனுபமா வர்றா, ரெஜிஸ். அயர்லாந்துலேருந்து. அஞ்சு மாசக் கைக்குழந்தை. நான் இன்னும் பேத்தியைத் தொட்டே பாக்கலைங்க" என்றார் அழகிரி. "போன வருஷம் காரியத்துக்கு வந்தப்ப, படுத்திருந்தவ கால்மேல எலி ஓடிடுச்சு. இப்ப ஆத்துக்கு அந்தாண்ட ஹோட்டல்ல ரூம் போட்டு வச்சிருக்கா. 'ஒரு நாள் தங்கிப் பாக்கறேம்பா, ஒரு எலிப் புழுக்கை கண்ணுல பட்டாலும் கெளம்பிடுவேன்'னு சொல்லிட்டா."

"ஒண்ணும் கவலைப்படாதீங்க சார். எட்டு நாள் இருக்கு" என்றார் ரெஜிஸ். அப்படிச் சொல்வது அவருக்குப் பழக்கம். அவர் சொன்னால் நடந்துவிடும் என்பதும் வீட்டுக்காரர்களுக்குப் பழக்கம்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எலிக்கு மூன்று வழி இருந்தது. சமையலறைக் குழாய் ஓட்டை, கொல்லைச் சுவர், அப்புறம் வீட்டின் கடைசியில் இருந்த பழைய குளியலறைக்குப் பக்கத்தில் சுவரடியில் ஒரு பொந்து. அந்தப் பொந்துக்குள் கை விட்டால் குளியலறைத் தரை தட்டுப்படும். குளியலறைக் கதவில் பெரிய பூட்டு தொங்கியது.

"இதைத் திறந்து உள்ள பாக்கணும் சார்."

"வேணாங்க. அதை யூஸ் பண்றதில்ல. முன்னாடி வேற ஒண்ணு கட்டிட்டேன்."

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல" என்று அழகிரி சொன்ன வேகம் ரெஜிஸுக்குப் பிடிக்கவில்லை. ஒன்றுமில்லாத அறையை யாரும் அவ்வளவு பெரிய பூட்டாகப் போட்டுப் பூட்டுவதில்லை. ஆனால் வயதானவர், மனைவியை இழந்தவர், என்ன கேட்க முடியும்? வெளியே வரும்போது பக்கத்து வீட்டு வாசலில் கோலத்தை எறும்பு மொய்த்துக் கிடந்தது. "அரிசி மாவுல கோலம் போட்டா எறும்புக்கு நாமளே பத்திரிகை வச்சுக் கூப்புடுற மாதிரிங்க" என்றார் பேச்சை மாற்ற.

அழகிரி முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "எங்க வீட்டம்மாவும் அரிசி மாவுதான். எறும்பு தின்னாத்தான் அது கோலம்பா. வெறும் கல்மாவு போட்டா சுவத்துக்கு சுண்ணாம்பு அடிச்ச மாதிரிம்பா."

இரண்டு நாள் காலையில் வந்து மாவைப் படித்தார். எலிகள் வந்தன, போயின, தடங்கள் ஒத்துப்போயின. இருபத்தொன்றாம் தேதி மூன்று வழியையும் கண்ணாடிச் சிமெண்ட்டால் அடைத்து, தரையெல்லாம் மாவு சலித்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடிக்கொண்டிருந்தது. பகல் பத்துக் கூட்டத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்து டார்ச்சைச் சாய்த்தார். சமையலறை சுத்தம், கொல்லைச் சுவரும் அப்படியே. ஆனால் குளியலறைப் பக்கத்துப் பொந்து திறந்து கிடந்தது. பூசியதெல்லாம் பெயர்ந்து வெளியே விழுந்திருந்தது. மாவில் எலித் தடம் ஒன்றுகூட இல்லை. வெறுங்கால் வைத்து யாரோ நடந்த தடம் மட்டும் இருந்தது.

"நைட்ல மாவு மேல நடக்காதீங்க சார், கலைஞ்சுபோவுது."

"நான் படுத்தா காலையிலதாங்க எந்திரிப்பேன். மாத்திரை போடுறேன்ல" என்றார் அழகிரி.

சிமெண்ட் காய்வதற்கு முன்னால் ஏதோ ஆகியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பவும் பூசினார். கண்ணாடியை இன்னும் ஒரு பிடி கூடவே போட்டார்.

அதற்கு மறுநாளும் பொந்து திறந்திருந்தது. இந்தத் தடவை பெயர்த்த சிமெண்ட் துண்டுகளை யாரோ பொறுக்கிச் சுவரோரம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். பெரியது முதலில், சின்னது கடைசியில். இருபத்தாறு வருஷத்தில் அடுக்கி வைக்கிற எலியை ரெஜிஸ் பார்த்ததில்லை. மண்டியிட்டுப் பார்த்தார். பொந்தின் விளிம்பில் ரத்தம். மாவிலும் சொட்டுச் சொட்டாக ரத்தம். காலடிகள் நடுக்கூடத்திலிருந்து வந்து, பொந்தின் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்து, திரும்பிப் போயிருந்தன. வலது காலில் சுண்டுவிரல் இல்லை.

கழுத்திலிருந்த சிலுவையைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் கூடத்துக்கு வந்தார். அழகிரி காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்திருந்தார். பத்து விரலிலும் துணி சுற்றியிருந்தது.

"என்னங்க சார் கையில?"

"கீரை நறுக்கறப்ப பட்டிருக்கும்."

"பத்து விரல்லயுமா?"

அழகிரி தன் விரல்களைப் பார்த்தார். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட முகம் இல்லை அது. நிஜமாகவே தெரியாத ஒருவரின் முகம். ரெஜிஸுக்கு அதைப் பார்த்துத்தான் இன்னும் பயமாகிவிட்டது. பொந்தைத் திரும்பவும் பூசி, மாவு சலித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஜெபமாலையிடம் சொன்னார். "பேசாம விட்டுட்டு வந்துருங்க, பண்டிகை நேரத்துல எதுக்கு" என்றாள். சொல்லிவிட்டு, சாப்பாடு எடுத்து வைக்கும்போது அவளே, "அந்தக் கொழந்தை வருமே" என்றாள்.

இருபத்துநாலாம் தேதி காலையில் ரெஜிஸ் போனபோது பொந்து மூன்றாம் முறையும் திறந்திருந்தது. அழகிரியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். "இங்க காலை வைங்க சார்" என்றார்.

அழகிரி மாவில் இருந்த தடத்துக்குப் பக்கத்தில் தன் வலது காலை வைத்து எடுத்தார். தொழிற்சாலையில் இரும்புத் தகடு விழுந்து போன சுண்டுவிரலின் இடம் இரண்டிலும் காலியாக இருந்தது. தான் நடக்காத நடையை ஒரு மனிதர் அப்படி நின்று பார்ப்பதை ரெஜிஸால் தாங்க முடியவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாவி எங்க சார்?"

"பெருமாள் படத்துக்குப் பின்னாடி" என்றார் அழகிரி.

பூட்டு திறந்தது. கதவு மழையில் ஊதிப்போய் நிலையைக் கவ்வியிருந்தது. ரெஜிஸ் தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே ஒரு வாளி, கவிழ்ந்த ஒரு சொம்பு, காய்ந்துபோன மஞ்சள் துண்டு. ஒரு வருஷமாக யாரும் தொடவில்லை. வழக்கம்போல டார்ச்சைச் சாய்த்துத் தரையைப் பார்த்தார், பிறகு சுவரடியை, பிறகு கதவின் உட்புறத்தை. கதவின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பச்சை பெயிண்ட் கீறிக் கிடந்தது. அவர் கை பழக்கத்தில் எண்ணியது. எலிக்கு முன்னங்காலில் நாலு விரல். இங்கே கோடுகள் ஐந்து ஐந்தாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் எலி விரல் எட்ட முடியாத இடைவெளி.

பின்னால் அழகிரி பேசினார். யாரிடம் பேசுகிறார் என்று தெரியாத குரல்.

"மார்கழியில நாலு மணிக்கே குளிச்சிடுவா. கதவு மாட்டிக்குது, கொஞ்சம் இழைச்சு விடுங்கன்னு மூணு தடவை சொன்னா. நான் ஃபிட்டருங்க. ஒரு கதவு எனக்கு எம்மாத்திரம்? பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம்னேன். அன்னிக்கு நாலரை இருக்கும், படுக்கையில சத்தம் கேக்குது. கர்ர்க் கர்ர்க்னு. சனியன் எலின்னு திட்டிட்டு, போர்வையை இழுத்துக் காதை மூடிக்கிட்டேன். ரொம்ப நேரம் கேட்டுச்சு, ரெஜிஸ். அப்புறம் நின்னுடுச்சு. அப்பாடான்னு தூங்கிட்டேன்."

ரெஜிஸ் டார்ச்சை அணைத்தார்.

"ஆறு மணிக்கு இடிச்சுத் திறந்தேன், கதவடியில விழுந்து கெடந்தா. விழுந்ததுல பேச்சுதான் போயிருக்கு, ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. அனுபமாகிட்ட, அம்மா விழுந்ததுமே போயிட்டான்னு சொல்லிட்டேன். இப்பவும் கனவுல அந்தச் சத்தம் கேக்கும். கனவுல நான் எந்திரிச்சுப் போவேன். இந்தத் தடவை எந்திரிச்சிட்டேன்டி, வந்துட்டேன்டின்னு ஓடுவேன். கனவுன்னுதாங்க நெனச்சேன்."

விழித்திருக்கும்போது பூட்டைத் தொடத் தைரியமில்லாத மனிதர், தூக்கத்தில் கண்ணாடி கலந்த சிமெண்ட்டைத் தோண்டியிருக்கிறார். ரெஜிஸுக்கு அழுகை வந்தது. அதை மறைக்க மூக்கைச் சிந்தினார்.

"பொண்ணுகிட்டச் சொல்லிடுங்க சார்."

"சொன்னா இந்த வாசப்படியை மிதிப்பாளா? அம்மா சாகறதைக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தவன் கையில பிள்ளையைக் குடுப்பாளா?"

ரெஜிஸுக்குத் தோன்றியது ஒன்றுதான். டூல்ஸ் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, கதவின் மேல் கீலில் வைத்தார். திருகாணி துருப்பிடித்துச் சுற்ற மறுத்தது. அழகிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துணி சுற்றிய கையால் திருப்புளியை வாங்கிக்கொண்டார். ஃபிட்டர் கைக்கு அது இரண்டு நிமிஷ வேலை. கதவைக் கழற்றி, இருவரும் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோய், கீறல் தெரியாதபடி சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தார்கள். பொந்தை ரெஜிஸ் நாலாம் முறையாகப் பூசினார். அன்று கிறிஸ்துமஸ் ஈவ் பூசையில் எல்லாரும் பாடும்போது அவர் காதில் வேறு சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

இருபத்தாறாம் தேதி காலை மாவைப் படித்தார். சுண்டுவிரல் இல்லாத கால், கதவில்லாத நிலை வரைக்கும் போய், நின்று, திரும்பிப் படுக்கைக்கு வந்திருந்தது. பொந்து அப்படியே இருந்தது. எலித் தடம் எங்கேயும் இல்லை. அடுத்த நாளும் அதே மாதிரிதான்.

அன்று சாயங்காலம் அனுபமா வந்து இறங்கியபோது ரெஜிஸ் கடைசித் தடவையாக மாவு சலிக்க வந்திருந்தார். உயரமான பெண், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. குழந்தையை அப்பாவிடம் கொடுக்காமல், "கையில என்னப்பா கட்டு?" என்றாள். அழகிரி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். ரெஜிஸிடம், "உண்மையைச் சொல்லுங்கண்ணா, எலி இருக்கா?" என்றாள்.

"நாளைக்குக் காலையில அட்டை எழுதித் தர்றேன்மா. அதைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

அவருடைய மாவு பாதியிலேயே தீர்ந்துவிட்டது. அழகிரி உள்ளே போய் ஒரு பழைய எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்தார். "அவ சலிச்சு வச்சது. போன மார்கழியோடது. இதைப் போடுங்க."

அரிசி மாவு கலந்தது என்று தெரிந்தும் ரெஜிஸ் மறுக்கவில்லை. பழைய குளியலறையிலிருந்து நடுக்கூடம் வரைக்கும், தூளி கட்டியிருந்த அறையின் வாசற்படி வரைக்கும் அந்த மாவைச் சலித்தார். டைல்ஸ் தரை ஜில்லென்று இருந்ததால் அனுபமா கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தாள். காலில் மெட்டி கிடையாது, அங்கே பூட்ஸுக்குள் குத்துகிறதாம்.

இருபத்தெட்டாம் தேதி காலை கதவைத் திறந்தது அவள்தான். முகம் அழுது வீங்கியிருந்தது. போச்சு, கிளம்பிவிட்டாள் என்றுதான் ரெஜிஸ் நினைத்தார். எட்டிப் பார்த்தால், கூடத்தில் அழகிரி சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டுப்போட்ட இரண்டு கையிலும் குழந்தை.

"தூக்கத்துல எந்திரிச்சு நடந்தாருண்ணா. பின்னாடியே போனேன்" என்றாள் அனுபமா மெல்லிய குரலில். "அந்த பாத்ரூம் வாசல்ல நின்னு, வந்துட்டேன் வந்துட்டேன்னு சொல்றாரு. கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். பாதியில முழிச்சிட்டாரு. எல்லாத்தையும் சொல்லிட்டாரு." கொல்லைப் பக்கம் கையைக் காட்டினாள். "விடிஞ்சதும் கொல்லையில போயி அந்தக் கதவைத் திருப்பிப் பாத்தேன். என் அஞ்சு விரலையும் அந்தக் கோட்டுல வச்சுப் பாத்தேன். சரியா இருந்துச்சு."

ரெஜிஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"கோவமா வருதுண்ணா. ரொம்பக் கோவமா வருது. ஆனா ஒரு வருஷம் இதை வச்சுக்கிட்டு இந்த வீட்டுல ஒத்தையா இருந்திருக்காரே. ஹோட்டலை கேன்சல் பண்ணிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அவர் டார்ச்சைச் சாய்த்தார். எல்லாம் அவள் சொன்னபடியே எழுதியிருந்தது. கூடத்திலிருந்து சுண்டுவிரல் இல்லாத கால் போயிருந்தது. அதன் பின்னாலேயே விரல் தெரியாத சாக்ஸ் கால். குளியலறை நிலையில் இரண்டும் நின்றிருந்தன. பிறகு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் திரும்பியிருந்தன.

திரும்பியது இரண்டு மட்டுமில்லை. அவற்றுக்கு ஓரடி பின்னால் மூன்றாவதாக ஒரு கால் வந்திருந்தது. சின்ன வெறுங்கால். ஈரக் கால், மாவு அப்பி அப்பி ஒட்டியிருந்தது. இரண்டாவது விரலின் அடியில் மெட்டிப் பள்ளம். குளியலறைக்கு உள்ளேயிருந்து வந்து, கூடத்தைக் கடந்து, தூளி கட்டிய அறையின் வாசற்படி வரைக்கும் போயிருந்தது. ரெஜிஸ் ஒவ்வொரு அடியாகத் தேடினார். திரும்பிப் போன தடம் இல்லை.

"நீங்க மறுபடி அந்தப் பக்கம் போனீங்களாம்மா? வெறுங்காலோட?"

"இல்லையேண்ணா. கொல்லைக்குக்கூட செருப்புப் போட்டுக்கிட்டு, மாவு மேல படாம ஓரமாத்தான் போனேன். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

அதற்குள் எறும்பு வந்துவிட்டது. கொல்லைப் பக்கமிருந்து ஒரே வரிசையாக வந்து, அந்த ஈரத் தடங்களிலிருந்துதான் முதலில் அரிசி மாவைத் துணுக்குத் துணுக்காகத் தூக்கிப் போய்க்கொண்டிருந்தது. வேறு வீடாக இருந்தால் ரெஜிஸ் ஸ்ப்ரேயை எடுத்திருப்பார். இங்கே எடுக்கவில்லை.

கூடத்திலிருந்து அழகிரி கூப்பிட்டார். "என்ன ரெஜிஸ், எலி இருக்கா?"

"எலி இல்லீங்க சார்."

அட்டையை எடுத்து, "வீடு சுத்தம்" என்று எழுதினார். "உள்ளே எதுவும் இல்லை" என்கிற இடம் வந்ததும் பேனா நின்றது. தூளி அறையைப் பார்த்தார். குழந்தை இங்கே தாத்தா கையில் இருக்க, அங்கே வெறும் தூளி மெதுவாக ஆடி நின்றது. காற்றாக இருக்கலாம். மார்கழிக் காற்றுக்கு அந்த வீட்டில் எல்லா வழியையும் அவரே அடைத்திருந்தார். விட்ட இடத்திலிருந்து அந்த வரியையும் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

அனுபமா அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, "எறும்பு வருதேண்ணா, மருந்து அடிக்கலையா?" என்றாள்.

"தின்னட்டும்மா" என்று சொல்லிவிட்டு ரெஜிஸ் செருப்பை மாட்டிக்கொண்டார்.